ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட பட்டன்

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருநூற்றுப் பதினான்கு வெப்சைட் இருந்தது. ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒன்று கட்டி, பிடித்த நிறத்தை அள்ளி அப்பி, துறைத் தலைவரின் போட்டோவை ஆளுயரத்துக்கு மாட்டி, அப்புறம் அதை மறந்தே போயிருந்தது. வேதியியல் துறையில் பச்சைப் பட்டன். வரலாற்றுத் துறையில் சிவப்புப் பட்டன். தத்துவத் துறையில் பட்டனே கிடையாது, அது ஏன் என்று கேட்கவும் ஆள் கிடையாது. கணிதத் துறையின் முகப்பில், ஓய்வு பெற்று ஆறு வருடமான பேராசிரியர் ஒருவர், நாளை தன் வகுப்பு நடைபெறாது என்று இன்னும் அறிவித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்த ஒருத்தியை வேலைக்கு எடுத்தார்கள். அவள் செய்ய வேண்டியது சிக்கலான காரியமே இல்லை. எல்லா வெப்சைட்டுக்கும் பொதுவாக ஒரு உதிரிபாகப் பெட்டி தயாரிக்க வேண்டும். ஒரே பட்டன், ஒரே படிவம், ஒரே எழுத்து. எந்தத் துறை எந்தப் பக்கம் கட்டினாலும் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் பொருத்த வேண்டும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி வந்து சேர்ந்தாள். பாவம், அவள் வேலையைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தாள். கமிட்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

கமிட்டிக்குப் பெயர் 'ஒரே முகக் குழு'. ஒன்பது பேர். தலைவர் நிலவியல் பேராசிரியர், பாறைகளோடு முப்பது வருடம் பழகியவர், அந்தப் பழக்கத்தில் எதற்கும் அசையமாட்டார். முதல் கூட்டத்தில் அவள் லேப்டாப்பைத் திறந்து, "சார், இந்த பட்டனை முதல்ல முடிவு பண்ணிட்டா..." என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் எத்தனை முறை பட்டன் என்றாளோ, மாலைக்குள் அவளுக்கு 'பட்டன் மேடம்' என்று பெயராகிவிட்டது. வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

தலைவர் லேப்டாப்பை விரல் நுனியால் தள்ளி மூடினார்.

"இங்க பாருங்கம்மா. ஸ்க்ரீன்ல தெரியறது வரும், போகும். இன்னைக்கு ஒண்ணு காட்டும், நாளைக்கு வேற காட்டும். அதை நம்பி ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுக்க முடியுமா? பேப்பர்ல கொண்டாங்க. கையெழுத்துப் போட்டாத்தான் அது ஆதாரம்."

"சார், இது வெப்சைட். ஸ்க்ரீன்லதான் இருக்கும்."

"இருக்கட்டும். பேப்பர்ல கொண்டாங்க."

அன்றிலிருந்து வெப்சைட்டைக் காகிதத்தில் கட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்பது பிரதி. ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் ஒன்பது கையெழுத்து. சேர்க்கைப் பக்கம் நீளமானது, கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். அதனால் பதினோரு தாளை ஒட்டி, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரித்து, குழு மொத்தமும் ஓரமாக நடந்துபோய்ப் பார்த்தது. நடுவில் நூலகர் ஒருமுறை தடுக்கி விழுந்தார். பக்கம் நீளம் அதிகம் என்று குறிப்பு எழுதப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில் தலைவர், காகிதத்தில் இருந்த பட்டனைக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினார்.

"ஒண்ணும் ஆகலையே?"

"சார், அது பேப்பர்."

"வேலை செய்யலைன்னு எழுதிக்கோங்க," என்றார் அவர், பக்கத்திலிருந்த செக்ஷன் கிளார்க்கிடம். கிளார்க் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எழுதிக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாக எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்.

அதற்கப்புறம் துறைகள் வந்தன. பொதுவான பட்டனை எல்லாரும் ஒருமனதாக வரவேற்றார்கள், தங்கள் துறையைத் தவிர. சட்டத்துறை, பட்டனை அமுக்குபவர் தன் சுயநினைவோடுதான் அமுக்குகிறார் என்று பட்டன் மேலேயே எழுத வேண்டும் என்றது. உடற்கூற்றியல் துறை, பட்டன் தங்களுக்கு மட்டும் சதை நிறத்தில் வேண்டும் என்றது. இசைத்துறை கேட்டதைச் சொல்லவே வேண்டாம். குழுவில் ஒருவரான பதிவாளர் எழுந்து ஒரு உரை நிகழ்த்தினார்: "ஒற்றுமைதான் நம் பலம். ஆகையால் எல்லாத் துறையின் தனித்தன்மையையும் காப்பாற்றும் வகையில் எழுபத்து நான்கு விதிவிலக்குகளுடன் கூடிய ஒரே பட்டனை நான் முன்மொழிகிறேன்." கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

பட்டன் மேடத்துக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையை உதறிவிட்டுப் போக அவளுக்கும் தெரியும். போகாததற்குக் காரணம் அக்கா.

அக்கா அதே பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தவள். கடைசி செமஸ்டரில் அப்பா படுக்கையில் விழுந்தார். அக்கா பாதியில் விட்டுவிட்டு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், தங்கை படித்தாள். அப்பா போய்விட்டார், தங்கை படித்து முடித்துவிட்டாள், அக்கா இன்னும் அதே கடையில் நிற்கிறாள். டாக்டர் கிறுக்கலை அவள்தான் படிக்கிறாள், மருந்தை அவள்தான் எடுக்கிறாள், இதோடு இது சேராது என்று அவள்தான் சொல்கிறாள். கையெழுத்துப் போடுவது மட்டும் இருபத்து மூன்று வயசுப் பையன். அவனிடம் பட்டம் இருக்கிறது. "அக்கா, இது எத்தனை மில்லி?" என்று அவன் கேட்பான், அக்கா சொல்வாள், அவன் கையெழுத்துப் போடுவான்.

பல்கலைக்கழகத்தில் 'மறுநுழைவு' என்று ஒரு திட்டம் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இருபது வருடத்துக்குள் திரும்பி வந்து முடிக்கலாம். அக்காவுக்கு இது இருபதாவது வருடம். இந்தத் தடவை விட்டால் ஜென்மத்துக்கும் கிடையாது. மறுநுழைவு விண்ணப்பம் இனிமேல் புதிய வெப்சைட்டில் மட்டும்தான், காகிதத்தில் வாங்குவதில்லை என்று பதிவாளர் உத்தரவு போட்டிருந்தார். புதிய வெப்சைட் தயாராகவில்லை என்றால் இந்த வருடம் மறுநுழைவே கிடையாது. அதையும் அவரே போட்டிருந்தார்.

அதனால் பட்டன் மேடம் போகவில்லை. சதை நிறத்தில் கேட்டவனுக்குச் சதை நிறத்தில் கொடுத்தாள்.

கடைசியில் மறுநுழைவுப் படிவத்துக்கு ஒப்புதல் வாங்கும் நாள் வந்தது. அவள் தேர்ந்தெடுத்திருந்தது அடர்நீலப் பட்டன், வெள்ளை எழுத்து. வயசானவர்கள், கண் மங்கியவர்கள், மதிய வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்று நாற்பது பேரிடம் காட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நீலம். படிவம் முழுவதையும் பிரிண்டரில் கொடுத்தாள். பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்தது. புது மை வாங்க மனுப்போட்டு ஐந்து மாதமாயிற்று. கருப்பு மை மட்டும் இருந்தது. தாள் வெளியே வந்தபோது நீலப் பட்டன் இருந்த இடத்தில் லேசான சாம்பல் பூத்த மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் தெரியும்.

தலைவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆகா," என்றார். "இது. இதுதான். எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க. என்னை அமுக்கு, என்னை அமுக்குன்னு அலையலை. அறிவுள்ளவன் தேடி வந்து அமுக்கட்டும்னு சும்மா உக்காந்திருக்கு. ஒரு பல்கலைக்கழகத்தோட பட்டன்னா இப்படித்தான் இருக்கணும்."

"சார், அது மை இல்லாம வந்தது! அசல் நிறம் அது இல்ல சார், நீலம். இங்க பாருங்க, ஸ்க்ரீன்ல..."

"ஸ்க்ரீனை விடுங்கம்மா."

அதற்குள் தாள் சுற்றிவிட்டது. ஒன்பது கையெழுத்தும் விழுந்துவிட்டது. கையெழுத்து விழுந்ததை மாற்ற ஆட்சிமன்றம் கூட வேண்டும். ஆட்சிமன்றம் கூட எட்டு மாதம் ஆகும். அதுவரை வெப்சைட் திறக்க முடியாது. பதிவாளர் மிகவும் கனிவாகச் சொன்னார்: "உங்க இஷ்டம்மா. ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுங்க, அடுத்த வருஷம் திறந்துக்கலாம்."

அடுத்த வருடம் அக்காவுக்கு இருபத்தோராவது வருடம்.

அவள் உட்கார்ந்து, காகிதத்தை ஸ்க்ரீன் பக்கத்தில் வைத்து, அந்தச் சாம்பல் நிறத்தை அப்படியே கொண்டுவந்தாள். தலைவர் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் அடக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கைதான் செய்தது. அதை அவள் கடைசி வரை மறுக்கவில்லை.

இத்தோடு விட்டார்களா? பட்டனுக்குக் கீழே பல்கலைக்கழகச் சின்னம் வர வேண்டும் என்று தனியாக ஒரு தாள் போட்டு, அதிலும் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கருப்பு மை தாராளமாக இருந்ததால் சின்னம் கன்னங்கரேலென்று, உருண்டையாக, தட்டு அகலத்துக்கு வந்தது. அதை அமுக்கினால் துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தி திறக்க வேண்டும் என்று துணைவேந்தரே விரும்பினார். வாழ்த்துச் செய்தி இப்படி முடியும்: 'எங்களை நாடி வந்தமைக்கு நன்றி. உங்கள் எதிர்காலம் இனி எங்கள் கையில்.'

திறப்பு விழாவில் ஒரு கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டி வெட்டினார்கள். மறுநுழைவு விண்ணப்பம் இருபது நாள் திறந்திருந்தது.

"நான் வந்து பக்கத்துல உக்காந்து போட்டுத் தரேன் அக்கா," என்றாள் பட்டன் மேடம்.

"ஏண்டி, டாக்டருங்க எழுதறதையே படிச்சுடறேன். உன் ஃபாரத்தைப் படிக்க எனக்குத் துணைக்கு ஆள் வேணுமா?"

"சரி, கடைசியில அமுக்க மறந்துடாத."

தான் செய்த பட்டன் கண்ணுக்குத் தெரியாது என்று சொந்த அக்காவிடம் சொல்ல அவளுக்குக் கூசியது. செய்தவள் தன் வேலையின் லட்சணத்தைச் சொல்லக் கூசினாள், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "போட்டாச்சுடி! நன்றின்னுகூட வந்துச்சு." தங்கைக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தின் அடிப்பகுதி பற்றிய உபகுழுவுக்குப் போனாள்.

கடைசித் தேதி முடிந்த மறுவாரம், குழு கூடியது. பதிவாளர் முகம் மலர்ந்து எழுந்தார்.

"நம் புதிய வெப்சைட் மாபெரும் வெற்றி. துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தியை முன்பு வருடத்துக்கு நான்கு பேர் படிப்பார்கள். அதில் மூன்று பேர் துணைவேந்தரின் அலுவலகத்தில் இருப்பவர்கள். இந்த இருபது நாளில் மட்டும் மூவாயிரத்து இருநூற்று ஆறு பேர் படித்திருக்கிறார்கள்! இன்னொன்றையும் இந்த வெப்சைட் நமக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. மறுநுழைவுக்கு வந்த விண்ணப்பம் மொத்தம் பதினொன்று. படிப்பை விட்டுப் போனவர்களுக்குத் திரும்பி வர ஆர்வமில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. எனவே அந்தத் திட்டத்தையே முடித்துக்கொள்ளலாம்."

பட்டன் மேடம் உடனே லேப்டாப்பைத் திறந்து, சர்வரில் பார்த்தாள். எழுதி முடித்து, அனுப்பப்படாமல் கிடந்த படிவங்கள் மூவாயிரத்து இருநூற்று ஆறு. எல்லாரும் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியிருந்தார்கள். கடைசியில் பட்டனைத் தேடியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரே கருப்பு உருண்டையை அமுக்கி, துணைவேந்தரின் நன்றியைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போயிருந்தார்கள். அதில் அக்காவின் படிவமும் இருந்தது. 'படிப்பை ஏன் விட்டீர்கள்?' என்ற கேள்விக்கு அக்கா ஒரே வரி எழுதியிருந்தாள்: 'வீட்டில் ஒருவர்தான் படிக்க முடிந்தது.'

அவளுக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றியது. கத்தவும் செய்தாள். "அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? மூவாயிரம் பேர்! அனுப்பிட்டோம்னு நம்பிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க சார்!"

குழு அதைப் பரிவோடு கேட்டது. மறுநாளே ஒரு விசாரணை வைத்தது. அக்காவை வரச்சொல்லி ஓலை போயிற்று.

அக்கா கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கடைக் கோட்டோடு வந்து உட்கார்ந்தாள். பதிவாளர் ஒரு ஃபைலைத் திறந்து அந்தத் தாளை நீட்டினார்.

"பாருங்கம்மா. பட்டன் இருக்கு. ஒன்பது பேர் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம். உங்களுக்குத் தெரியலைன்னா அது பல்கலைக்கழகத்தோட தப்பு ஆகாது."

"என் கடையில ஒரு மாத்திரை மாத்திக் குடுத்தா என்னை ஜெயில்ல போடுவாங்க சார்."

"புரியுது. அதுக்குத்தான் ஒரு வழி வெச்சிருக்கோம்." அவர் இன்னொரு தாளை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த நிறத்தை வெப்சைட்ல போட்டது உங்க தங்கச்சி. தனிநபர் தவறுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, அதனால பாதிக்கப்பட்டவங்கன்னு உங்களுக்கு மட்டும் ஒரு சீட் கருணை அடிப்படையில தரலாம். எல்லாம் டைப் பண்ணி வெச்சாச்சு. கையெழுத்து மட்டும்தான்."

"போடு அக்கா," என்றாள் தங்கை உடனே. "நான்தான செஞ்சேன். பொய் ஒண்ணும் இல்ல. போடு."

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புகார்த்தாளைப் படித்தாள். பிறகு பட்டன் தாளை எடுத்து, அதையும் மேலிருந்து கீழ் வரை படித்தாள். மருந்து அட்டையைத் திருப்பிப் பார்ப்பது போல முன்னும் பின்னும் திருப்பினாள்.

"மீதிப் பேருக்கு என்ன சார்?"

"அவங்க யாரும் புகார் குடுக்கலையே."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கு இந்தப் பட்டன் தாள்ல ஒரு நகல் வேணும். சீல் போட்டு."

பதிவாளருக்கு அது பிடித்திருந்தது. யாராவது சீல் கேட்டால் அவருக்கு எப்போதும் பிடிக்கும். கிளார்க் நகல் எடுத்து, சீல் குத்திக் கொடுத்தார். புகார்த்தாளில் கையெழுத்து விழாததால், 'விண்ணப்பதாரருக்கு ஆர்வமில்லை' என்று அதன் ஓரத்தில் எழுதி ஃபைலை மூடினார்கள். தங்கையை அன்று மாலையே வேலையிலிருந்து எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் தங்கை வெடித்தாள். "உனக்கென்ன பைத்தியமா? கைக்கு வந்த சீட்டு! உன்னைக் கெஞ்சினேனே! எனக்கு வேற வேலை கிடைக்காதா?"

"நீ முதல்ல இதைப் பாரு."

அக்கா நகலை நீட்டினாள். தங்கை படித்தாள். அவளே தயாரித்த தாள், அவள் கண்ணிலும் இதுவரை படாதது. அவள் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எப்படிக்கா இதைப் பாத்த?"

"எந்த அட்டையை எடுத்தாலும் நான் முதல்ல தேதியைத்தான் பார்ப்பேன்டி."

அடுத்த ஐந்து நாளும் இரண்டு பேரும் போனும் கையுமாக இருந்தார்கள். படிவங்களிலிருந்த போன் எண்களைத் தங்கை எழுதி வைத்திருந்தாள். அது விதிமீறல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். "நீங்க அனுப்பினதா நினைச்சுட்டு இருக்கீங்களே, அது போகலைங்க," என்று சொன்னதும் எதிர்முனையில் சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், "எனக்குக் கண்ணு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட வேற போயிட்டு வந்தேன்மா," என்றார். ஐந்து நாளில் ஐந்நூறு பேரைத்தான் பிடிக்க முடிந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவாளர் வந்தபோது அவர் அறைக்கு வெளியே படிக்கட்டு தெரியவில்லை. ஆள்தான் தெரிந்தது. சீருடையில் நர்ஸுகள், கைக்குழந்தையோடு பெண்கள், நரைத்த ஆண்கள், வேலைக்கு நடுவில் ஓடிவந்தவர்கள். மாடிப்படி, வராந்தா, தோட்டம் வரை வரிசை. எல்லார் கையிலும் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம்.

"யாரு இவங்கள்லாம்?" என்றார் பதிவாளர்.

வரிசையின் முதலில் நின்றது அக்கா.

"நாங்கதான் சார், ஆர்வமில்லாதவங்க."

"விண்ணப்பமா? காகிதத்துல வாங்கறது இல்லைம்மா. கடைசித் தேதியும் முடிஞ்சு போச்சு. பத்தொன்பதாம் தேதியோட!"

"எங்க போட்டிருக்கு?"

"வெப்சைட்லதான் போட்டிருந்தோமே!"

"ஸ்க்ரீன்ல தெரியறதா சார் ஆதாரம்?"

அக்கா சீல் குத்திய நகலை அவர் முன்னால் வைத்தாள். 'விண்ணப்பிக்கக் கடைசி நாள்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு. அதன் மேல் ஒன்றும் இல்லை. தேதி முடிவாகும் முன்பே ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பட்டனின் அடக்கத்தைப் பார்த்த ஒன்பது ஜோடிக் கண்ணில் ஒன்றுகூட தேதியைப் பார்த்திருக்கவில்லை.

"இது... இது தவறுதலா விட்டுப்போனது. திருத்திடலாம்."

"திருத்தணும்னா ஆட்சிமன்றம் கூடணும்," என்றது ஒரு குரல். செக்ஷன் கிளார்க். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் கேட்காமலே அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "எட்டு மாசம் ஆகும் சார். அது வரைக்கும் கடைசித் தேதின்னு ஒண்ணு கிடையாது. காகிதத்துல வாங்கக்கூடாதுங்கற உத்தரவும் ஈமெயில்லதான் வந்துச்சு. அதுல கையெழுத்து இல்ல."

பதிவாளர் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பாக்கறீங்க?" பட்டன் மேடம் வரிசைக்கு நடுவிலிருந்து கத்தினாள். அவளுக்கு இப்போது பயப்பட ஒன்றும் இல்லை. "ஒன்பது பேரும் போட்டீங்களே கையெழுத்து! ஒழுங்கா வாங்கிட்டு ரசீது குடுங்க!"

பின்னாலிருந்து ஐந்நூறு பேரும் குரல் கொடுத்தார்கள்.

கிளார்க் பதிவேட்டையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் விண்ணப்பத்தை வாங்கி, முத்திரை குத்தி, எண் ஒன்று என்று எழுதினார்.

"பேரு?"

அக்கா சொன்னாள்.

"அடுத்து வாங்க," என்றார் கிளார்க். அடுத்து வந்தது பஸ் ஓட்டுகிறவர்.